சாத்தி வைத்த ஜன்னல்

விமானத்தில் ஜன்னல் சீட்டைக் காசு கட்டி வாங்கிவிட்டு, உட்கார்ந்ததும் ஷேடை இறக்கி மொபைலில் சீரிஸ் பார்க்கிற ஆளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தூங்குகிறவரை விட்டுவிடலாம், பாவம், ராத்திரி மூணு மணிக்குக் கிளம்பி வந்திருப்பார். என் சண்டை, "ஜன்னலெல்லாம் முதல் தடவை பறக்கிறவங்களுக்குத்தான் பாஸ்" என்று சொல்கிறவரோடு. வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிட்டால் பெரிய மனுஷன் ஆகிவிட்டோம் என்கிற அந்த நினைப்போடு.

விமான நிறுவனங்களுக்கும் காட்சியைப் பற்றிக் கவலை இல்லை. விருப்பமான இருக்கைக்குத் தனிக்கட்டணம் வாங்க 2013இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து ஜன்னல் ஒரு சரக்கு. ஆனால் டெல்லியிலிருந்து காத்மாண்டு போகும்போது இமயமலை இடப்பக்கம்தான் தெரியும், வலப்பக்கம் சமவெளி. சீட் வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கட்டம்தான். அமெரிக்காவில் ஜன்னலே இல்லாத 'ஜன்னல் சீட்'டை விற்றதாக டெல்டா, யுனைடெட் நிறுவனங்கள் மேல் 2025இல் வழக்கே போட்டார்கள். சில விமானங்களில் ஏசி குழாய் போகிற இடத்தில் ஜன்னல் வைப்பதில்லை, வெறும் சுவர்தான் இருக்கும்.

ஆக, நாமேதான் யோசித்து எடுக்க வேண்டும். இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகள் வேண்டாம், பாதி நேரம் தகரத்தைத்தான் பார்ப்பீர்கள். எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால் என்றால் சூடான காற்றில் காட்சி கலங்கும். முன்வரிசைகள் நல்லது. சூரியன் இல்லாத பக்கம் உட்காருங்கள். காலையில் தெற்கே போகிற விமானம் என்றால் வலப்பக்கம். கண் கூசாது. கீழே மேகம் இருந்தால் விமானத்தின் நிழலைச் சுற்றி வண்ண வளையம்கூடத் தெரியும்.

"இதெல்லாம் எதுக்கு, கூகுள் மேப்பில் பார்த்துக்கலாமே?" என்பார்கள். மேப்பில் நாம் தேடியதைத்தான் பார்ப்போம். ஜன்னலில் தேடாததும் கண்ணில் படும்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அப்போது இடப்பக்கம், அதாவது 'ஏ' சீட்டில் உட்கார்ந்தால், செம்பரம்பாக்கம் ஏரி தெரியும். அதன் உபரிநீர் அடையாற்றில்தான் சேர்கிறது. அந்த அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அங்கே தண்ணீர் புகுந்து, சில நாள் நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. ஏரி, ஆறு, கரையை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு, ஓடுபாதை என்று எல்லாமே இறங்குகிற அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். எந்தச் செய்தி சேனல் இதை ஒரே சட்டகத்தில் காட்டியது?

நம் ஊரை மொத்தமாகப் பார்க்கிற வாய்ப்பு கலெக்டருக்கும் ரியல் எஸ்டேட்காரருக்கும் வரைபடமாகக் கிடைக்கிறது. சாதாரண ஆளுக்கு இந்த ஜன்னல்தான். கீழே இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் விமானம் ஏறியதே இல்லை. அவர்களுடைய வயலையும் ஏரியையும் மேலிருந்து பார்க்கிற வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு ஷேடை இறக்குவதை அலட்சியம் என்றுதான் சொல்வேன், முதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

ஐல் சீட் வேண்டுமா, தாராளமாக எடுங்கள். கால் நீட்டலாம், சீக்கிரம் இறங்கலாம், நியாயம்தான். ஆனால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சாத்தி வைக்காதீர்கள். நடு சீட்டில் ஒரு பாட்டி கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து அவருக்கு இடம் கொடுங்கள், சார்.