எந்தப் பெஞ்சில் உட்காருகிறோம்?

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும் இல்லையா? வலது பக்கம் திரும்பிக் கும்பிடுகிறோம், இடது பக்கம் திரும்பிக் கும்பிடுகிறோம். முன்பின் தெரியாதவரைப் பார்த்துக்கூடச் சிரிக்கிறோம். ஆனால் கோயிலுக்குள் நுழையும்போதே, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, நாலு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருஷம்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கரிசல் காட்டில் ஒரு வரப்பு. ஒரு முழம் இருந்தால் அதிகம். அதற்காக மூன்று கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

போன மாதம் மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். நம் ஓட்டப்பிடாரம் வட்டத்து ஊர்தான். 1911 ஜூன் 17 அன்று இங்கேதான், ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். உடனே தன்னையும் சுட்டுக்கொண்டார். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியவர்களில் ஆஷும் ஒருவர் என்ற கோபம் அன்று ஊரெல்லாம் இருந்தது. இது நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது.

படிக்காததும் உண்டு. அந்த ரயில் பெட்டியில் ஆஷின் மனைவி மேரியும் இருந்தார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஞ்சியின் மனைவி பொன்னம்மாளும் அதே நாளில்தான் கணவரை இழந்தார்.

நூறு வருஷம் போனது. ஆஷின் பேரப்பிள்ளைகள் வாஞ்சியின் குடும்பத்தாருக்கு நல்லிணக்கச் செய்தி ஒன்று அனுப்பினார்கள். ஆஷைப் பற்றி ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கள் தாத்தாவைச் சுட்டவரை, நாட்டின் விடுதலையை விரும்பிய லட்சியவாதி என்றே அதில் குறிப்பிட்டார்கள்.

அதனால் சரித்திரம் மாறிவிட்டதா? இல்லை. ஸ்டேஷன் பெயர் இன்றும் வாஞ்சி மணியாச்சிதான். பிளாட்பாரத்தில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வரப்பு யாருடையது என்பதை சர்வேயர் வந்து அளந்து சொல்லட்டும். பலகாரம் கொடுக்க எதற்கு சர்வேயர்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம், "மன்னிச்சு வாழ்ந்துக்கோம்மா" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அது மன்னிப்பே இல்லை. மன்னிப்பது என்றால் தண்டனை வேண்டாம் என்பதும் இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவில், தொழுநோயாளிகளுக்குப் பணி செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் சொன்னார். வழக்கு அதுபாட்டுக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. கிளாடிஸ் ஒடிசாவின் பாரிபதாவிலேயே தங்கி, அந்தப் பணியைச் சில வருஷம் தொடர்ந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இருந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டார். சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது இருவரும் கும்பிட்டுக்கொண்டோம். அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரப்பை இன்னும் அளக்கவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போடும்போது ஒரு டப்பா கூடுதலாகப் போடுங்கள். யார் வீட்டுக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்