நம்ம சென்னை டீம் எங்கே போச்சு?

இலுப்பூர்ல பஸ் பிடிச்சு, விராலிமலை பக்கமோ புதுக்கோட்டை பக்கமோ காலேஜுக்குத் தொங்கிக்கிட்டே போற உங்களுக்கு இந்த வாரம் ஒரு கேள்வி. தன் ஆட்டத்துல உலகத்துலயே கில்லின்னு பேர் வாங்கின ஒரு பிரேசில்காரர், 'சென்னை' டீமுக்கு ஆடியிருக்கார். யார் தெரியுமா?

பேர் ஃபால்காவோ. ஆட்டம் ஃபுட்சால். கூரைக்குக் கீழே, பக்கத்துக்கு அஞ்சு பேர் ஆடுற ஃபுட்பால். 2008, 2012ன்னு ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தவர். 2005ல சாவோ பாலோ கிளப்புக்காக பெரிய கிரவுண்டுல ஆடிப் பார்த்தார். சரிப்பட்டு வரலை. திரும்பவும் கூரைக்குக் கீழேயே வந்துட்டார்.

அவரை இங்கே கொண்டுவந்தது 'பிரீமியர் ஃபுட்சால்'. 2016 ஜூலையில ஆறு டீமோட ஆரம்பிச்சாங்க. லீகுக்குத் தலைவர் லூயிஸ் ஃபிகோ, பாட்டு போட்டது நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்! மும்பைக்கு ரியான் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கோவாவுக்கு ரொனால்டினோ. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்துல ஒரே மேட்ச்ல அஞ்சு கோல் அடிச்சுட்டு, லீக் முடியறதுக்குள்ளேயே ரொனால்டினோ கிளம்பிட்டார். அவர் இடத்துக்கு கஃபு வந்தார். அந்தக் கூத்தெல்லாம் நடந்தது! கடைசியில கோவாவுல நடந்த ஃபைனல்ல, பெனால்டியில கொச்சியைத் தோற்கடிச்சு மும்பை கப் அடிச்சது.

அடுத்த வருஷம், 2017. நம்ம டீம் பேரை 'சென்னை சிங்கம்ஸ்'னு மாத்தினாங்க. ஆனா மேட்ச் எல்லாம் மும்பை, பெங்களூரு, துபாயில. பேர்ல சென்னை இருந்துச்சு, சென்னையில ஆட்டம்தான் இல்லை. மறுபடியும் மும்பையே சாம்பியன். அதோட சரி, மூணாவது சீசன் வரவேயில்லை. சிங்கமும் காணாம போச்சு.

ஏன்? பெரிய பேர்களுக்குக் கொட்டின பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிசா படறது வேற விஷயம். இந்த லீகை ஃபிஃபாவும் ஏத்துக்கலை, நம்ம அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் ஏத்துக்கலை. ஸ்டார்களுக்கு இதுல நஷ்டமே இல்லை. ஃபால்காவோ ரெண்டே மாசத்துல கொலம்பியா போய் ஃபிஃபா உலகக் கோப்பையில ஆடினார். அங்கே பெனால்டியில பிரேசிலை வீட்டுக்கு அனுப்பின ஈரான் பசங்களே அவரைத் தூக்கிப்போட்டு மரியாதை செஞ்சாங்க! நம்மூர்ப் பையன் கதை அப்படியா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கேட்டுப் போனா, 'எந்த சங்கம் நடத்தின போட்டி தம்பி?'ங்கறதுதான் முதல் கேள்வி. ரொனால்டினோவோட எடுத்த ஃபோட்டோவை நீட்டினா ஒரு டீ கூடக் கிடைக்காது.

சம்மேளனம் முழிச்சுக்கிட்டது லேட்டாதான். 2021ல டெல்லியில முதல் ஃபுட்சால் கிளப் போட்டி நடத்தினாங்க, டெல்லி எஃப்.சி. ஜெயிச்சது. இந்திய ஃபுட்சால் டீம் வெளிநாட்டு டீமோட முதல் தடவையா மோதினது 2023லதான்.

ஆனா ஒண்ணு. இந்த ஆட்டம் கோடீஸ்வரங்க கண்டுபிடிச்சது இல்லை. 1930ல உருகுவே நாட்டு மான்டிவிடியோவுல, ஒய்.எம்.சி.ஏ. வாத்தியார் யுவான் கார்லோஸ் செரியானி, பசங்க உள்ளேயே ஆடட்டும்னு உருவாக்கினது. அஞ்சு பேர் கணக்கை பேஸ்கட்பால்ல இருந்து சுட்டார். கோல்கீப்பர் விதியை வாட்டர் போலோவுல இருந்து சுட்டார். நம்ம நந்தனத்துல இருக்கற உடற்பயிற்சிக் கல்லூரியை 1920லேயே ஆரம்பிச்சதும் இதே ஒய்.எம்.சி.ஏ.தான். எங்கெங்கேயோ சுத்தி வருது பாருங்க!

அளவு சொல்றேன், குறிச்சுக்கோங்க. முழுசா வேணும்னா 40 மீட்டருக்கு 20 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அவ்வளவு இடம் இல்லையா? உங்க ஸ்கூல் பேஸ்கட்பால் கோர்ட் 28க்கு 15 இருக்கும், பழகறதுக்கு அது போதும். செரியானி பசங்களும் அந்த மாதிரி கோர்ட்டுலதான் ஆரம்பிச்சாங்க. கோலுக்கு ரெண்டு செருப்பு. எத்தனை தடவை வேணும்னாலும் ஆளை மாத்தலாம்கறதால, 'நான் எப்போடா இறங்கறது?'னு வெளியே உக்காந்து யாரும் மூஞ்சியைத் தூக்க வேண்டாம்.

பந்து மட்டும் நாலாம் நம்பர், துள்ளாத ஃபுட்சால் பந்தா பார்த்து வாங்குங்க. சாதா பந்தை சிமென்ட் தரையில உதைச்சீங்கன்னா, அன்னவாசல்ல போய்த்தான் பொறுக்கணும்!