முதல்ல கலண்டரைத் தாங்கோ, பிறகு திட்டம் போடுறம்

போன மாதம் எங்கட பீடத்தில் ஒரு தொழில் வழிகாட்டல் செயலமர்வு. வரவு கட்டாயம் என்றபடியால் மண்டபம் நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த வளவாளர் எல்லாருக்கும் ஒரு தாள் தந்தார். நாலு வருடத்துக்கு நாலு பெட்டி. முதலாம் வருடத்தில் இலக்கைத் தீர்மானிக்க வேணும், ஆங்கிலத்தைத் திருத்த வேணும். இரண்டாம் வருடத்தில் உள்ளகப் பயிற்சி. மூன்றாம் வருடத்தில் லிங்க்ட்இன், தொடர்புகள், தலைமைத்துவம். நாலாம் வருடத்தில் சீவி, நேர்முகத்தேர்வு. கீழே நாங்கள் கையொப்பம் வைக்க ஒரு கோடு. எங்களோட நாங்களே செய்துகொள்கிற ஒப்பந்தமாம் அது.

பக்கத்தில் இருந்த சிநேகிதி என்ர காதுக்குள்ள கேட்டாள்: "முதலாம் வருசம் எண்டு இவர் சொல்லுறது எங்கட முதலாம் வருசமோ, கலண்டரில இருக்கிற வருசமோ?"

பகிடிக்குத்தான் கேட்டாள். ஆனால் கணக்குப் பார்த்தால் பகிடி இல்லை. நாங்கள் 2022ஆம் ஆண்டு ஏ.எல். பச். பரீட்சை எழுதினது 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும், மின்வெட்டுக்கு நடுவில். அதுக்குப் பிறகு வரிக்கு எதிரான விரிவுரையாளர்களின் தொழிற்சங்கப் போராட்டத்தில் விடைத்தாள் திருத்துற வேலை இழுபட்டு, பெறுபேறு செப்டெம்பரில்தான் வந்தது. கம்பஸ் வாசலை மிதிக்க அடுத்த வருடமாகிவிட்டது. அந்த 2024இல் மே மாதம் தொடங்கின கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. எங்களுக்கு முந்தின பச்காரருக்கு 2019இன் குண்டுவெடிப்பு, 2020இன் கொரோனா, 2022இன் எரிபொருள் வரிசை. எங்களுக்குப் பின்னால் வாறவர்களுக்கு 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து ஏ.எல். பரீட்சையே நடுவில் நின்றது, மிச்சப் பாடங்களை 2026 ஜனவரியில்தான் எழுதினார்கள். இதில் ஊழியர்களையோ விரிவுரையாளர்களையோ நான் குற்றம் சொல்ல வரவில்லை, அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொல்லுறது ஒரு சின்ன விசயம்: நாலு வருடப் பட்டத்தை ஆறு வருடத்தில் முடித்த அக்காமாரை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் திட்டம் இல்லாமல் இல்லை. திட்டத்தில் போட்ட திகதிகள்தான் அவர்களின் கையில் இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி எழும்பிக் கேட்டான்: "சேர், செமஸ்டர் எப்ப முடியுமெண்டு தெரியாமல் பயிற்சிக்கு எப்பிடி விண்ணப்பிக்கிறது?" நெருக்கடியை வாய்ப்பாக மாற்றத் தெரிய வேணும் என்று பதில் வந்தது. கைதட்டினோம். பிறகு பணிசும் தேத்தண்ணியும்.

அந்த மனுசனில் எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே எங்களுக்கு நல்லது செய்யத்தான் பஸ் ஏறி வந்திருந்தார். கோபம் அந்தத் தாளின் கீழே இருந்த கையொப்பக் கோட்டில்தான். அதில் எங்கட கையொப்பத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. பல்கலைக்கழகம் கையொப்பம் வைக்க இடமில்லை, மானிய ஆணைக்குழு வைக்க இடமில்லை, அரசாங்கம் வைக்க இடமில்லை. நாளைக்கு வேலை கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை மீறினது யார் என்று இப்பவே எழுதி வாங்கியாயிற்று.

இது புதிய கதையும் இல்லை. 1971 கிளர்ச்சி நடந்த அதே வருடத்தில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு ஒன்று டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்து ஓர் அறிக்கை எழுதினது. அறிக்கையின் தலைப்பிலேயே இரண்டு சொற்கள் நின்றன: வேலைவாய்ப்பு, எதிர்பார்ப்பு. படித்த இளைஞர் எதிர்பார்க்கிற வேலைக்கும் நாட்டில் இருக்கிற வேலைக்கும் பொருத்தம் இல்லை என்றார்கள். அந்தக் குழு பொருளாதாரத்தையும் மாற்றச் சொன்னது. எங்கட ஆக்கள் அதில் பாதியை மட்டும் பாடமாக்கிக்கொண்டார்கள்: எதிர்பார்ப்பைக் குறை. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வேலைவாய்ப்புப் பக்கம் அப்படியே கிடக்க, எதிர்பார்ப்பைத் திருத்துற செயலமர்வு மட்டும் வருடாவருடம் நடக்குது.

இனி எங்கட பக்கத்தையும் கதைக்க வேணும். கதைக்காவிட்டால் இது வெறும் புலம்பல்.

எங்கட வீடுகளில் இருக்கிற திட்டம் நாலு பெட்டி இல்லை, ஒரே பெட்டி. பட்டத்தை முடி, அரசாங்கம் எடுக்கும். 2017 பெப்ரவரிக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னாலும் மட்டக்களப்பில் காந்திப் பூங்காவிலும் வேலையற்ற பட்டதாரிகள் இருந்த போராட்டம் 100 நாளையும் தாண்டினது. நான் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. பஸ்ஸில் போகேக்க கொட்டிலுக்குள் அக்காமார் பாய் விரித்து இருந்ததைப் பார்த்தது ஞாபகம் இருக்கு. பிறகு 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஓர் அக்காவுக்குக் கந்தோரில் முதல் மூன்று மாதமும் கதிரை இல்லை, மற்ற ஒருவர் களப்பணிக்குப் போனால்தான் இருக்கலாம். பாடசாலைகளில் இணைக்கப்பட்டவர்கள் வகுப்பு எடுத்துக்கொண்டே, ஆசிரியர் சேவைக்குள் எங்களை உள்வாங்குங்கோ என்று வீதியில் நின்றார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தினபடி.

அந்த அக்காமாரை நக்கல் அடிக்கிற மீம்களை எங்கட பச்காரரே பகிர்கிறார்கள். பகிர முதல் ஒன்றை யோசியுங்கோ. அரச உத்தியோகத்தை அவர்கள் சோம்பலில் கேட்கவில்லை. வடக்குக் கிழக்கில் ஒரு பெண் பிள்ளைக்கு ஓய்வூதியமும் மகப்பேற்று லீவும் பின்னேரம் வெளிச்சத்தோட வீட்டை வந்து சேரக்கூடிய நேரமும் சேர்ந்து கிடைக்கிற வேலை வேற என்ன இருக்கு? கலைப்பீடத்தில் பெரும்பான்மை நாங்கள், பெண் பிள்ளைகள். வளவாளரின் தாளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பெட்டி இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லுவன். "அரசாங்கம் எங்களுக்கு வேலை தா" என்று மட்டும் கேட்டதில் எங்கட இயக்கங்கள் பிழை விட்டன. எந்த வேலை, எதுக்கு என்று நாங்கள் சொல்லவே இல்லை. அதனால்தான் கதிரை இல்லாத பதவியைத் தந்து எங்கட வாயை மூட முடிந்தது.

உண்மையில் வேலை கிடக்குது, குவிந்து கிடக்குது. பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால், அதைத் தமிழில் மாற்ற ஆள் இல்லாமல் எங்கட சனம் தெருவில் ஒருத்தரைப் பிடித்து வாசிப்பிக்குது. காணிப் பிணக்குகள் பழைய உறுதிகளிலும் வரைபடங்களிலும் சிக்கி நிற்குது. 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது; ஆவணம் சேர்க்கிற வேலை இங்க தேவையில்லை என்று யாரும் சொல்ல ஏலாது. நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருது, அதில் எத்தனையோ பேர் தன்னார்வமாக உழைத்திருக்கினம். இதெல்லாம் வரலாறும் மொழியும் புவியியலும் படித்தவர்களின் வேலைகள்தான். வேலை இருக்கு, அதுக்குச் சம்பளம் போட்ட பதவி இல்லை. கலைப் பட்டத்துக்குச் சந்தையில் பெறுமதி இல்லை என்று சொல்லுறவை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகினம்.

உள்ளகப் பயிற்சிக்கு வாறன். இரண்டாம் பெட்டி. என்ர சிநேகிதி ஒருத்தி போன லீவில் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் பயிற்சி செய்தாள். சம்பளம் இல்லை, சான்றிதழ் மட்டும். வெள்ளவத்தையில் ஒரு றூமை மூன்று பேரோட பகிர்ந்தாள். தகப்பன் மீன்பிடிக்கிறவர், கடன் வாங்கித்தான் அனுப்பினவர். மகாபொல மாதம் 5,000 ரூபாவாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. அதை வைத்துக்கொண்டு கொழும்பில் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கோ. வெள்ளவத்தையில் சித்தி வீடு இருக்கிற பிள்ளை பயிற்சிக்குப் போகும், இல்லாத பிள்ளை போகாது. பிறகு நேர்முகத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்பாட்டி, இவளுக்கு அனுபவம் இருக்கு, அவள் திட்டமிடவில்லை என்பினம். கன்னங்கரா காலத்தில் 1945இல் வந்த இலவசக் கல்வி எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்தது. சம்பளமில்லாப் பயிற்சி அந்த வாசலில் திரும்பவும் ரிக்கற் வெட்டுது.

மொழி. ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லுறது சரிதான், நான் மறுக்கவில்லை. தெற்குக் கம்பஸ்களில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர், வாள் என்று அர்த்தம். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர். ஆனால் அந்தத் தாளில் சிங்களம் என்ற சொல்லே இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? 2007 யூலைக்குப் பிறகு அரச சேவைக்குள் போகிறவர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேணும் என்பது விதி. எங்கட அக்காமார் அந்தப் பரீட்சைக்கு முப்பது வயதில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கினம். கம்பஸில் இருந்த வருடங்களில் அதை ஒழுங்காகப் படிப்பிக்க யாரும் நினைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சிங்களம் படிக்கிறது ஏதோ தோற்றுப்போன மாதிரி ஓர் எண்ணம் எங்களுக்குள்ள கிடக்கு. அதுக்கு வரலாற்றுக் காரணம் இருக்கு, அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் எங்கட சனத்தின் கடிதத்தை வாசிக்கிறதுக்காவது அந்த மொழி எங்களுக்கு வேணும். உங்களில் கனபேர் இந்த இடத்தில் என்னோட சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாங்கோ.

ஆக, நான் திட்டமிடாதேங்கோ என்று சொல்ல வரவில்லை. எனக்கும் ஒரு கொப்பி இருக்கு, அதில் ஒரு பட்டியலும் இருக்கு. நான் கேட்கிறது, அந்தத் தாளில் மற்றப் பக்கமும் கையொப்பம் வைக்கட்டும் என்பதுதான். ஒவ்வொரு பச்சுக்கும் தொடங்குற திகதியும் முடியுற திகதியும் போட்ட ஒரு கலண்டர். பிந்தினால் எதனால் பிந்தினது, எப்படி ஈடு செய்யப் போகினம் என்று எழுத்தில் ஒரு விளக்கம். பாடத்திட்டத்துக்குள்ளேயே, புள்ளியோடும் கொடுப்பனவோடும், எங்கட மாவட்டக் கந்தோர்களிலும் நீதிமன்றங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ஒரு பயிற்சிக் காலம். முதலாம் வருடத்திலிருந்தே சிங்கள வகுப்பு. மாணவர் ஒன்றியம் அடுத்த முறை நிர்வாகத்தைச் சந்திக்கேக்க ஹொஸ்டல் தண்ணிப் பிரச்சினையோட இதையும் மேசையில் வைக்கலாம். தண்ணி முக்கியமில்லை என்று சொல்லவில்லை, இரண்டு நாளாக எங்கட புளொக்கிலும் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்க என்ர மேசையில் இன்னொரு தாளும் கிடக்குது. சிறப்புக் கலைக்குப் பாடம் தெரிவு செய்யிற படிவம். பொதுப் பட்டம் என்றால் மூன்று வருடம், சிறப்பு என்றால் நாலு. எங்கட கணக்கில் அந்த ஒரு வருடம் எவ்வளவுக்கு நீளும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா பொதுக் கலையைச் செய்துபோட்டுக் கெதியா வெளியில வா என்கிறா. அவ சொல்லுறதிலும் பிழை இல்லை, எனக்குக் கீழே இரண்டு பேர் படிக்கினம். மாமா போன் எடுத்து, "வரலாறு படிச்சு என்னத்தைப் பிள்ளை செய்யப் போறாய்?" என்று கேட்டார். வளவாளரும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார், கொஞ்சம் நாகரிகமாக.

முதலாம் வருடத்தில் எங்கட ஊர்க் கோயில் கணக்குப் புத்தகங்களை வைத்து ஓர் ஒப்படை செய்தனான். எந்த வருடம் ஊரில் பஞ்சம், எந்த வருடம் ஆக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பதெல்லாம் எண்ணெய்க் கணக்கில் தெரிந்தது. ஊரே இல்லாத வருடங்களில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதை வாசித்த இரவுகளில் நித்திரை வரவில்லை. இதை எந்தப் பெட்டிக்குள் எழுதுறது என்று எனக்குத் தெரியாது.

படிவம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். வரலாறு என்று எழுதிவிட்டன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.