கொடுத்தவரும் வாங்கியவரும்

1869-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் பிராமன்டரி என்னும் மேட்டில் தங்க ஆணி அடித்து, கிழக்கையும் மேற்கையும் இருப்புப்பாதையால் இணைத்த வைபவத்தைச் சரித்திரப் புஸ்தகங்கள் விஸ்தாரமாக வர்ணிக்கின்றன. அந்தப் பாதைக்கு மைல் ஒன்றுக்கு என்ன செலவாயிற்று, அதில் எவ்வளவு எவர் மடிக்குப் போயிற்று என்ற கணக்கை மட்டும் பெரும்பாலும் இரண்டொரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கோ ஆணியைக் காட்டிலும் கணக்குத்தான் ரசமாகப் படுகிறது.

ஆபிரகாம் லிங்கன் 1862-இல் கையெழுத்திட்ட சட்டம், பசிபிக் சமுத்திரத்தை நோக்கிப் பாதை போடும் கம்பெனிகளுக்குச் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000 என்ற விகிதத்தில் சர்க்கார் கடன்பத்திரங்களையும், அவற்றோடு பாதையின் இருமருங்கிலும் ஏராளமான நிலத்தையும் அளித்தது. மைல் கணக்கில் பணம் கிடைக்குமானால் மைல்கள் பெருகத்தானே செய்யும்? ஓமகாவிலிருந்து புறப்பட்ட யூனியன் பசிபிக் பாதை, நேர்வழி இருக்க, 9 மைல் சுற்றிக்கொண்டு போயிற்று. மேற்கே ஸென்ட்ரல் பசிபிக் கம்பெனியார் செய்த காரியம் இன்னும் விநோதமானது. சாக்ரமென்டோவைத் தாண்டி ஏழு மைலிலேயே சியரா மலை தொடங்கிவிடுவதாகக் கலிபோர்னியாவின் பூகர்ப்ப சாஸ்திரி ஜோசையா விட்னி எழுதிக்கொடுத்தார்; லிங்கனும் அதை அங்கீகரித்தார். நேரில் போய்ப் பார்த்தவர்களின் கண்ணுக்கு அங்கே தெரிந்தது என்னவோ சமவெளிதான்.

இவையெல்லாம் சில்லறைத் தந்திரங்கள். பெரிய வித்தையைச் செய்தவர் யூனியன் பசிபிக்கின் உபதலைவர் தாமஸ் டூரன்ட். கிரெடி மொபிலியே என்ற பெயரில் ஒரு கட்டுமானக் கம்பெனியை அவரும் அவருடைய கூட்டாளிகளும் கைவசப்படுத்திக்கொண்டார்கள். ரயில்வே கம்பெனியின் சார்பில் காண்ட்ராக்ட் கொடுப்பவர்களும் அவர்களே, மறுபக்கம் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்பவர்களும் அவர்களே. ரயில் ஓடி என்றைக்கோ லாபம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாதை போடுவதிலேயே அதை எடுத்துவிடலாம். முதல் 100 மைலுக்கு, மைலுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார் தலைமை எஞ்சினீயர் பீட்டர் டே. அந்த மதிப்பீட்டை உயர்த்தச் சொல்லி, மைலுக்கு 50,000 டாலர் வீதம் ஹாக்ஸி என்பவர் பெயரில் காண்ட்ராக்ட் எழுதினார்கள். ஹாக்ஸி வெறும் பினாமி. அந்த வேலையைச் செய்யும் சக்தியோ உத்தேசமோ அவருக்கு இல்லை. 1864 டிசம்பரில் பீட்டர் டே ராஜினாமாச் செய்து வெளியேறினார். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்!

இந்த வியாபாரம் தங்குதடையின்றி நடக்க வேண்டுமானால், கணக்குக் கேட்கும் அதிகாரம் உடையவர்கள் வாய் திறவாதிருக்க வேண்டும். அதற்கு வழி செய்தவர், மண்வாரி செய்து விற்றுச் செல்வரானவரும் காங்கிரஸ் சபையில் மாஸச்சூஸெட்ஸ் பிரதிநிதியுமான ஓக்ஸ் எய்ம்ஸ். அவர் 1867-68-இல், கொழுத்த லாபம் கொடுத்துக்கொண்டிருந்த கிரெடி மொபிலியே பங்குகளை, மார்க்கெட் விலை எவ்வளவோ ஏறியிருந்தும், 100 டாலர் முகமதிப்புக்கே சக அங்கத்தினர்களுக்கு விற்றார். கையில் பணமில்லாதவர்கள் பின்னால் வரும் லாபப் பங்கிலிருந்தே கிரயத்தைக் கழித்துக்கொள்ளலாம். பங்குகளை எங்கே வைத்தால் நமக்கு அதிக நன்மையோ அங்கே வைக்கிறேன் என்ற கருத்தில் அவர் எழுதிய கடிதங்களை, 1872-இல் ஜனாதிபதி தேர்தல் சமயத்தில், நியூயார்க் ஸன் பத்திரிகை அம்பலப்படுத்தியது. விசாரணைக் கமிட்டி எய்ம்ஸையும் மற்றோர் அங்கத்தினரான ஜேம்ஸ் புரூக்ஸையும் சபையிலிருந்து நீக்கச் சிபாரிசு செய்தது. சபையோ 1873 பிப்ரவரியில் இருவர் மீதும் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியதோடு திருப்தியடைந்தது. மே மாதம் எய்ம்ஸ் காலமானார்.

எப்படியோ ரயில் வந்துவிட்டதே, அந்தச் சாகசக்காரர்கள் இல்லாவிட்டால் வந்திருக்குமா என்று வாதிப்பவர்கள் உண்டு. இந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. பணமும் நிலமும் சட்டப்படி முன்னமே கிடைத்துவிட்டன. 1867-இல் பங்கு விநியோகித்தது, பாதை வருவதற்காக அல்ல, கணக்குக் கேள்வி வராமல் இருப்பதற்காக. சாகசம் என்ற சொல், சியரா மலையின் கருங்கல்லைக் குடைந்த சீனத் தொழிலாளிகளுக்குத்தான் பொருந்தும். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தியபோது, ஸென்ட்ரல் பசிபிக்கின் சார்லஸ் கிராக்கர் உணவை நிறுத்தி ஒரே வாரத்தில் பணியவைத்தார். வந்த ரயிலின் கதியோ, கடன் சுமையோடு பிறந்த யூனியன் பசிபிக் கம்பெனி 1893-இல் திவாலாயிற்று.

எய்ம்ஸ் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. ஆனால் தண்டனை, அது எவ்வளவு லேசானதாயினும், பிரதானமாகக் கொடுத்தவர் தலையில் விழுந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் ஏமாந்துபோனவர்கள் என்ற பாவனையில் நழுவிவிட்டார்கள். 329 டாலர் லாபப் பங்கு பெற்றதாகக் கமிட்டி பதிவுசெய்த பிரதிநிதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு, தாம் வாங்கியது 300 டாலர் கடன்தான் என்று சாதித்தார். 1880-இல் அவர் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது எதிர்க்கட்சியார் ஊரெங்கும் சுவர்களில் 329 என்ற எண்ணை எழுதிவைத்தார்கள். கார்ஃபீல்டுதான் வெற்றி பெற்றார்.