டிசைனரும் ஒரு வியாபாரியே

ஆடித் தள்ளுபடிக்கு நோட்டீஸ், தீபாவளிக்கு ஃபிளெக்ஸ் போர்டு, புத்தாண்டுக்குக் காலண்டர், புதுச் சரக்குக்கு லேபிள் என்று நம் கடைகளுக்கு முகம் தீட்டித் தருபவர்கள், தனியாகத் தொழில் நடத்தும் டிசைனர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, போனஸும் இல்லை. அவர்கள் பொருட்டு வணிகப் பெருமக்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சரக்கை எடுத்துக்கொண்டு பாக்கியை இழுத்தடிப்பவர்களால் வியாபாரி படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. அதே பாட்டை நம்மில் சிலர் டிசைனருக்குக் கொடுக்கிறார்கள். "முதலில் நாலு டிசைன் போட்டுக் காட்டு, பிடித்தால் பார்க்கலாம்" என்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பிடி அரிசி கொடுப்போம். நாலு மூட்டை கொடுப்போமா? டிசைனருக்கு அவருடைய நேரம்தான் சரக்கு. ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு கூலியா என்று கேட்பவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் பல வருடப் பயிற்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இது தயவைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. டிசைனரும் இந்தப் பதிவைப் பெறலாம்.

நம் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தனியாகத் தொழில் செய்பவர் வரைந்த லோகோ, லேபிளின் உரிமை பொதுவாக வரைந்தவருக்கே சொந்தம். பணம் கொடுத்ததாலேயே அது கடைக்காரருக்கு வந்துவிடாது. கையெழுத்திட்ட உரிமை மாற்றுப் பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் மசாலா, அப்பள வியாபாரிகள் இதைக் கவனிப்பது நல்லது.

டிசைனர் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் கண்ட படத்தை எடுத்து ஒட்டிக் கொடுத்தால், நாளை வழக்கு வருவது கடைக்காரரின் வாசலுக்கும்தான். இலவசமாகவே முறையான வழிகள் இருக்கின்றன. வரைவதற்கு இன்க்ஸ்கேப் மென்பொருளும், நோட்டோ, கட்டமரன் போன்ற தமிழ் எழுத்துருக்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும், பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பையும் கொடுத்துவிடுங்கள். வேறு அச்சகத்துக்குப் போனாலும் கடைக்காரர் திண்டாட மாட்டார்.

நம் சங்கம் ஒரு பக்க அளவில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும் என்பது எமது கருத்து. முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், வேலை முடியும் நாள், பாக்கி தரும் நாள், உரிமை யாருக்கு என்ற ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். வாய்ப்பேச்சில் கொடுத்த வேலைதான் பெரும்பாலும் வழக்கில் முடிகிறது. எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி. தீபாவளி அவசரம் தொடங்குமுன் நிர்வாகக் குழு இதை எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்.