ஒட்டிய பெயர் நிலைக்குமா?

அமெரிக்காவில் பழைய கார் விற்கிறவர்கள் சிலர் செய்யும் காரியத்தைப் பித்தலாட்டம் என்றே சொல்வேன். பாண்டியாக் கம்பெனி 1964-இல், கூடுதல் பணம் கட்டிக் கேட்டவர்களுக்கு மட்டும் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி, 'ஜி.டி.ஓ.' என்று பெயரிட்டுக் கொடுத்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வண்டி எண்ணைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது, 1966-இல்தான் ஜி.டி.ஓ.வுக்குத் தனி எண்வரிசை வந்தது. இந்தச் சந்தில் புகுந்து, சாதாரண லெமான்ஸில் மூன்றெழுத்தை ஒட்டி, ஜி.டி.ஓ. விலைக்கு விற்கிறார்கள்! ஏமாந்தவரின் பணம் போவதுகூட இருக்கட்டும். ஒரு குடும்பம் கணக்குப் பார்த்து வாங்கி, கௌரவமாக ஓட்டிய வண்டியின் சரித்திரமல்லவா அழிகிறது? லெமான்ஸ் லெமான்ஸாகவே இருப்பதில் என்ன கேவலம்? வாங்குகிறவர்களே, பளபளக்கும் எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பெனி அன்று போட்ட பில்லைக் கேளுங்கள்!