துப்பாக்கி உடையாரும் பொது வானொலியும்

பொதுமக்கள் பெயரால் நடைபெறும் ஸ்தாபனம் எதுவாயினும் அதன் தகுதியை அளக்கும் கோல் ஒன்று உண்டு. அதனைப் போற்றுவோர் எத்தனை பேர் என்று எண்ணுவது அக்கோலன்று. அதனோடு மாறுபட்ட கருத்துடையாரும் அங்கே தமக்கு நியாயம் கிடைக்கும் என்று நம்பி அணுகுகின்றனரா என்பதே அது. நூல்நிலையமும், நியாயஸ்தலமும், வானொலியும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டனவே. இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்மையில் நிகழ்ந்தவை பெரிதும் பொருந்துவன. அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் குடிமக்கள் பலருக்கும், பொது வானொலி எனப்படும் ஒலிபரப்புக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு மனத்தாங்கல் வளர்ந்து வந்திருக்கிறது. அது கடல் கடந்த நாட்டார் வழக்கே. எனினும், நாளை பத்திரிகை நடத்தவும், பள்ளியிற் போதிக்கவும், சபைகளிற் பேசவும் போகும் நம் கல்லூரி மாணவர் ஆராய்தற்கு உரியது என்று கருதி அதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் பொது வானொலி நம் நாட்டு வானொலியைப் போல ஒரே ஸ்தாபனத்தின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. 1967ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட பொது ஒலிபரப்புச் சட்டம் அதற்கு வித்திட்டது. அச்சட்டத்தின் வழியே பொது ஒலிபரப்புக் கழகம் ஏற்பட்டது. 1970இல் என்.பி.ஆர். எனச் சுருக்கமாக வழங்கும் தேசியப் பொது வானொலி தோன்றியது; 1971இல் அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சி தொடங்கிற்று. ஊர்தோறும் உள்ள நிலையங்களோ தனித்தனி ஸ்தாபனங்கள். சில சர்வகலாசாலைகளுக்கு உரியன. சில உள்ளூரார் கூடி நடத்துவன. நேயர்களின் நன்கொடையும், வணிகரின் உதவியும், மேற்சொன்ன கழகத்தின் மூலமாக வந்த அரசாங்கப் பொருளுமே அவற்றைத் தாங்கி வந்தன. பண்பலை வரிசையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி இலாபம் கருதாத ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆதலின் நாட்டுப்புற நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவோன் குமிழைச் சிறிது திருப்பினால், பொது வானொலியின் செய்தியும், கிறிஸ்தவ நிலையங்களின் கீதமும் பிரசங்கமும் அடுத்தடுத்து அவன் செவியில் விழும்.

இனித் துப்பாக்கி உடையார் யாவர் என்பதைக் காண்போம். 1791இல் அரசியல் அமைப்போடு சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிக் கூறுகிறது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை தனி மனிதனுக்கு உரியதென்றே தீர்ப்பளித்தது. பியூ ஆராய்ச்சி நிலையம் 2023இல் எடுத்த கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 32 பேர் தமக்குத் துப்பாக்கி உண்டு என்றனர். நாட்டுப்புறத்தாருள் அது நூற்றுக்கு 47; நகரத்தாருள் 20. குடியரசுக் கட்சியைச் சார்ந்தோருள் 45. ஜனநாயகக் கட்சியைச் சார்ந்தோருள் 20. துப்பாக்கி உடையாருள் நூற்றுக்கு 72 பேர் தற்காப்பை ஒரு முக்கிய காரணமாகக் கூறினர். இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். துப்பாக்கி உடையார் ஒரு சிறு கூட்டத்தாரல்லர் என்பது ஒன்று. அவர்களனைவரும் ஒரே கட்சியினருமல்லர், ஒரே மனத்தினருமல்லர் என்பது மற்றொன்று.

இவர்களுடைய வானொலிப் பழக்கத்தை ஆராயுமிடத்து, 1987இல் நிகழ்ந்த ஒரு மாறுதலை நினைவுகூர்தல் வேண்டும். விவாதத்துக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்று நிலையங்களைக் கட்டுப்படுத்தி வந்த விதி அவ்வாண்டு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா என்பவரின் அரசியற் பேச்சு நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கி, 2021இல் அவர் இறக்குமளவும் நடைபெற்றது. அவரைப் பின்பற்றிப் பலர் எழுந்தனர். துப்பாக்கி உரிமையை உயிரெனக் கருதுவோருக்குத் தம் நெஞ்சிலுள்ளதையே எடுத்துச் சொல்லும் குரல்கள் நாள் முழுவதும் கிடைத்தன. தன் கருத்தே தன் செவிக்குத் திரும்பி வரும்போது மனிதன் மகிழ்வது இயல்பு. எனினும், அவர்கள் அனைவரும் பொது வானொலியை விட்டு நீங்கினர் என்று எண்ணுதல் பிழையாகும். மோட்டார் வண்டி பழுது பார்க்கும் சகோதரர் இருவர் 1987 முதல் 2012 வரை நாடெங்கும் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியை ரசித்தோர் கட்சி பார்த்தா ரசித்தனர்? வானிலையும், உள்ளூர்ச் செய்தியும், சங்கீதமும் எல்லார்க்கும் பொதுவன்றோ? துப்பாக்கிப் பேச்சு வரும்போது ஒலியைத் தணித்து, அது முடிந்தபின் மீண்டும் உயர்த்திக் கேட்பவனும் நேயனே. அத்தகையோனை இழப்பதே பொது வானொலிக்குப் பெருநஷ்டம் என்பது நம் கருத்து.

அந்நஷ்டம் நேர்ந்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு. என்.பி.ஆர். ஸ்தாபனத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த யூரி பெர்லினர் என்பவர் 2024 ஏப்ரலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 2011இல் நேயருள் நூற்றுக்கு 26 பேர் தம்மைப் பழைமை பேணுவோர் என்று கூறிக்கொண்டனர் என்றும், 2023இல் அவ்வெண் 11 ஆகக் குறைந்தது என்றும், முற்போக்காளர் 37இலிருந்து 67 ஆக உயர்ந்தனர் என்றும் அவர் எழுதினார். ஸ்தாபனத்தார் அவருடைய குற்றச்சாட்டுகளை மறுத்தனர்; அவரும் சில நாட்களில் விலகினார். பழைமை பேணுவோர் வேறு, துப்பாக்கி உடையார் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், ஒரு பள்ளியை விட்டு ஒரு தெருப்பிள்ளைகள் அனைவரும் நின்றுவிட்டால், பிள்ளைகளை மட்டும் குறைகூறி அமையும் தலைமையாசிரியர் அறிவாளியாகார்.

துப்பாக்கி உடையார் கூறும் குறைகள் மூன்று. முதலாவது, தாம் பேசும் பொருளையே வானொலியார் அறியார் என்பது. ‘ஏ.ஆர்.’ என்னும் எழுத்துக்கள் அத்துப்பாக்கியை முதலில் உருவாக்கிய ஆர்மலைட் கம்பெனியின் பெயரைக் குறிப்பன. தாக்குதல் துப்பாக்கி என்பது அவற்றின் பொருளன்று. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டே வெளிப்படும் துப்பாக்கி வேறு. இழுத்துப் பிடித்திருக்குமளவும் சுட்டுக்கொண்டேயிருக்கும் யந்திரத் துப்பாக்கி வேறு. பின்னது 1934 முதல் பதிவுக்கும் வரிக்கும் உட்பட்டது. 1986க்குப்பின் புதிதாகச் செய்தவற்றைத் தனி மனிதர் வாங்கவும் இயலாது. இவ்வேறுபாட்டை மயங்க உரைக்கும் செய்தியை அறிந்தோர் இகழ்வர். வயலையும் வாய்க்காலையும் வேறுபடுத்தி அறியாதவன் உழவைப் பற்றிப் பிரசங்கம் செய்தால், உழவன் எழுந்து போவதில் வியப்பென்ன? இக்குறை முற்றிலும் நியாயமானது. ஆனால் ஒன்று: பெயர் பிழைபட்டதனால் பிணம் பொய்யாகாது. சொற்பிழையைக் காட்டிவிட்டு, மாண்டவரைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமற் போவாருடைய சாமர்த்தியத்தை நாம் ஏற்பதற்கில்லை.

இரண்டாவது குறை, கொலை நிகழ்ந்த நாளில் மட்டுமே தம்மைத் தேடி வருகிறார்கள் என்பது. வேட்டைக்குச் சென்று குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்ப்பவனும், தனித்த வீட்டில் அஞ்சி வாழும் மூதாட்டியும் துப்பாக்கி உடையாரே. அவர்களைக் காணாது, வெறியன் ஒருவனையே கண்டு, அவனை அனைவர்க்கும் பிரதிநிதியாக்கினால் மனம் நோகும். மூன்றாவது குறை, தம்மை இழித்துரைக்கும் வானொலிக்குத் தம் வரிப்பணம் ஏன் என்பது. இதனை வெறும் உலோபத்தனம் என்று ஒதுக்கலாகாது. நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் நூற்றுக்கு 11 வீத வரி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டு விலங்குகளின் பாதுகாப்புக்கே செலவாகிறது. வேட்டைக்காரர் பலர் அதனைத் தம் பெருமையாகவே பேசுவர். பயன் கண்முன் தெரியுமாயின் அவர்கள் கொடுக்கத் தயங்குபவரல்லர் என்பது இதனால் விளங்கும்.

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் நியாயம். 2015–16ஆம் கல்வியாண்டில் ஏறக்குறைய 240 பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு சம்பந்தமான நிகழ்ச்சிகள் நடந்தன என்று அந்நாட்டுக் கல்வி இலாகா அறிக்கையிட்டது. என்.பி.ஆர். நிருபர்கள் அப்பள்ளிகளை ஒவ்வொன்றாக விசாரித்து, 11 நிகழ்ச்சிகளையே தம்மால் உறுதிப்படுத்த முடிந்தது என்று 2018இல் வெளியிட்டனர். துப்பாக்கிக்கு விரோதிகள் என்று பெயர் பெற்றவர்களே, துப்பாக்கி பற்றிய மிகைக் கணக்கைத் திருத்தினர்! பின்னர், துப்பாக்கி உரிமையில் அணுவளவும் விட்டுக்கொடாத தீவிர இயக்கத்தார் சிலரை ஆராய்ந்து 2020இல் அவர்கள் வெளியிட்ட ஒலித்தொடர் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நிகழ்ந்த படுகொலைக்கு மறுநாள் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தார் தமக்குள் பேசிய பேச்சின் ஒலிப்பதிவையும் 2021இல் வெளிப்படுத்தினர். முன்னது ஒரு தரப்புக்கு இனித்தது. பின்னவை இரண்டும் பலருக்குக் கசந்தன. உண்மை நாடுவோன் இரண்டையும் ஒரே முறையில் விசாரித்தல் வேண்டும். விசாரணையே பொது வானொலியின் பலம். அது தளர்ந்து, தன் இனத்தார்க்குள் பேசிக்கொள்ளும் பேச்சாக மாறுமிடத்தே அதன் பலவீனம் தொடங்குகிறது.

மனத்தாங்கல் முற்றியதன் விளைவு 2025இல் வெளிப்பட்டது. பொது ஒலிபரப்புக்கென்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைக் காங்கிரஸ் சபை திரும்பப் பெற்றது. ஜூலை 24ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்டார். தலைக்கு ஆண்டொன்றுக்கு 2 டாலருக்கும் குறைவான தொகை அது. அடுத்த மாதமே பொது ஒலிபரப்புக் கழகம் தன் வேலையை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அடி யார்மேல் விழுந்தது? என்.பி.ஆர். தன் வருமானத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கே அரசாங்கத்திடமிருந்து நேராகப் பெற்றது. பெருநகர நிலையங்களுக்குச் செல்வர் துணையுண்டு. அலாஸ்காவின் மேற்கே பெத்தல் என்னும் ஊரிலுள்ள கே.ஒய்.யு.கே. நிலையமோ தன் வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கை அக்கழகத்திடமிருந்தே பெற்றது. ஆங்கிலத்திலும் யூப்பிக் மொழியிலும் அது ஒலிபரப்புகிறது. அங்கே வேட்டை பொழுதுபோக்கன்று, உணவு. துப்பாக்கியும் வானொலிப் பெட்டியும் ஒரே வீட்டின் இன்றியமையாத கருவிகள். உறைந்த ஆறே சாலையாகும் அவ்விடத்தில், வானிலையும் ஆற்றின் நிலையும் அறியாதவன் உயிரிழக்க நேரும்.

இம்மசோதா செனட் சபையில் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஜூலை 16ஆம் தேதி, அலாஸ்காக் கடலில் 7.3 அளவுடைய பூகம்பம் உண்டாகிச் சுனாமி எச்சரிக்கை எழுந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அலாஸ்கா அங்கத்தினர் லிசா மர்க்கவ்ஸ்கி அதனை எடுத்துக்காட்டி வாதாடினார். மசோதாவை எதிர்த்தும் வாக்களித்தார். பயனில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கிப்னக், குவிகில்லிங்கோக் என்னும் சிற்றூர்களை அழித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தபோது, அவ்விடத்துச் செய்தியைச் சொல்ல முன்னின்றது பொருள் குறைக்கப்பட்ட அந்நிலையமே. தலைநகரத்துச் செய்தியாளர்மீது கொண்ட சினம், தூரதேசத்து வேட்டைக்காரன் வீட்டு வானொலியைத் தாக்கியது. எலிக்குக் கோபித்துக் குதிருக்குத் தீ வைத்தது போன்றதன்றோ இது?

கேளாமையால் வரும் கேட்டைக் கண்டோம். கேட்பதால் வரும் நன்மைக்கும் ஒரு சான்று உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர். நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் 2009இல் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர் ஒரு வாரத்துக்குள் அவ்வாறு மாண்டனர். அதன்பின் துப்பாக்கி வணிகரும் சுகாதாரப் பணியாளரும் ஒன்றுகூடினர். துயருற்று வருவோரைக் கடைக்காரர் அறிந்துகொள்ளும் குறிகளையும், வாங்குவோர் தம் சுற்றத்தாரைக் காக்கும் வழிகளையும் எழுதிக் கடைகளில் வைத்தனர். பிற ராஜ்யங்களும் அதனைப் பின்பற்றின. துப்பாக்கி வேண்டுமா, வேண்டாவா என்ற வழக்கு அங்கே தீரவில்லை. தீராமலே உயிர்காக்கும் வேலை தொடங்கியது. சுகாதாரப் பணியாளர் கடைக்காரரைக் குற்றவாளியாக்கிப் பேசியிருப்பின் அவர் கதவைச் சாத்தியிருப்பார். கடைக்காரர் அவர்களைப் பகைவராக எண்ணியிருப்பின் அவர்கள் அறிவு அவருக்குப் பயன்பட்டிராது.

ஆகவே நாம் கூறும் முடிவு இது. பொது வானொலியார் துப்பாக்கி உடையாரைப் பற்றிப் பேசுவதோடு அமையாது, அவர்களோடு பேசக் கற்றல் வேண்டும். சொல்லில் திருத்தமும், அவர்கள் ஊர்களிலிருந்தே எழுந்த நிருபர்களும் அதற்கு வேண்டும். துப்பாக்கி உடையாரும், தமக்கு இனிய குரலொன்றையே கேட்பேம் என்னும் பிடிவாதத்தை விடுதல் வேண்டும். பிழை கண்டால் எழுதித் திருத்தலாம், கேட்கும் உரிமையையே அறுத்தெறிதல் தகாது. கட்சிபேதம் மிகுந்த எந்நாட்டுக்கும் இது பொருந்தும். மாணவ நண்பர்களே! நம் விவாத சபையில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்தவுடன் நம் மனம் விடை தேடுகிறதா, அன்றி அவர் சொல்வதைக் கேட்கிறதா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக. மாற்றான் சொல்லை அவனே ஒப்புமாறு எடுத்துரைக்க வல்லவனே அதனை மறுத்தற்கும் உரியவன். அத்திறம் நம் கல்லூரியினின்றும் வெளிச்செல்வோரிடம் விளங்குமாயின், அவர்கள் எழுதும் பத்திரிகையை மாற்றாரும் விலை கொடுத்து வாங்கிப் படிப்பர்.